வைட் மவுண்டன் தேசியக் காட்டில் அக்டோபர் விடுமுறை: பதினான்கு பேருக்கான திட்டம், உங்கள் கருத்துகள் தேவை

பாஸ்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையை ஒட்டி வரும் மூன்று நாள் விடுமுறையில் நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து நியூ ஹாம்ப்ஷயரின் வைட் மவுண்டன் தேசியக் காட்டுக்குச் செல்லத் தீர்மானித்திருக்கிறோம். பெரியவர்கள் எட்டுப் பேர், ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் நால்வர், கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோர் இருவர் என மொத்தம் பதினான்கு பேர். என் தந்தைக்கு வயது அறுபத்தெட்டு. நாள்தோறும் நடைப்பயிற்சி செய்பவர் என்றாலும் முழங்கால் வலி உண்டு.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பாஸ்டனிலிருந்து கிளம்பி, பத்து மணியளவில் ஃபிரான்கோனியா முகட்டுச் சுற்றுப்பாதையில் எல்லோருமாக ஏறத் தொடங்குவது எங்கள் திட்டம். மாலையில் இறங்கி, கேங்கமாகஸ் நெடுஞ்சாலை ஓரமாக ஆற்றங்கரையில் நல்ல இடம் பார்த்துக் கூடாரம் அடித்துச் சமைத்துச் சாப்பிடலாம் என்றிருக்கிறோம். ஞாயிறன்று மவுண்ட் வாஷிங்டன் உச்சிக்குக் காரில் செல்கிறோம், திங்களன்று இலைகளின் நிறமாற்றத்தைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்புகிறோம். இதில் மாற்ற வேண்டியது ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

முகடேறி எழுதியது:

பாஸ்டன்வாசி அவர்களே, முதலில் உங்கள் சனிக்கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

அந்தச் சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பது மைல். ஃபாலிங் வாட்டர்ஸ் பாதை வழியாக லிட்டில் ஹேஸ்டாக் உச்சி வரை 3.2 மைல் ஏற்றம், அங்கிருந்து மவுண்ட் லிங்கன் வழியாக மவுண்ட் லாஃபயட் வரை முகட்டின் மேலேயே 1.7 மைல், பின் மலையேறுபவர்கள் தங்கும் கிரீன்லீஃப் குடில் வரை 1.1 மைல், கடைசியாக ஓல்டு பிரைடில் பாதையில் 2.9 மைல் இறக்கம். மொத்த ஏற்றம் 3,900 அடியை ஒட்டி வரும். இந்த மலைகளில் நடப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு மைலுக்கு அரை மணி நேரம், ஏறும் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மேலும் அரை மணி நேரம். அதன்படி நான்கரை மணியும் இரண்டு மணியும் சேர்ந்து ஆறரை மணி நேரம் ஆகிறது. இது எங்கும் உட்காராமல், படம் பிடிக்காமல், நல்ல உடல்நிலையில் நடப்பவருக்கான நேரம். ஐந்து வயதுப் பிள்ளையும் முழங்கால் வலியுள்ள தந்தையும் இருக்கும் குழுவுக்கு ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்கூட அது நம்பிக்கை மிகுந்த மதிப்பீடுதான். பத்து மணிக்குத் தொடங்கினால் இரவு ஏழு மணிக்கு இறங்குவீர்கள். அந்த வாரத்தில் சூரியன் மாலை ஆறு மணியை ஒட்டி மறைந்துவிடுகிறது. பிரைடில் பாதையின் இறக்கத்தில் பாறைப் படிகளும் வேர்களும் உதிர்ந்த ஈர இலைகளும் இருக்கும். அந்தக் கடைசி மைல்களைப் பதினான்கு பேர் இருட்டில் கடப்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பத்து மணிக்கு அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. இலையுதிர்கால வார இறுதிகளில் லாஃபயட் பிளேஸ் வாகன நிறுத்தம் விடியும் முன்பே நிரம்பத் தொடங்கிவிடும். நெடுஞ்சாலை 93-இன் ஓரத்தில் வண்டியை விட்டுச் செல்வது தடைசெய்யப்பட்டிருக்கிறது. விட்டால் இழுத்துச் சென்றுவிடுவார்கள். வேறோர் இடத்தில் நிறுத்திவிட்டுப் பாதை தொடங்கும் இடம் வரை ஷட்டில் பேருந்தில் வரும் வசதி இந்தப் பருவத்தின் வார இறுதிகளில் உண்டு. அதற்கான நேரத்தையும் உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாஸ்டன்வாசி எழுதியது:

விரிவான பதிலுக்கு நன்றி. நேரக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன்; முன்னதாகவே கிளம்பலாம். ஆனால் உயரத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு அச்சம் இல்லை. மவுண்ட் லாஃபயட் 5,249 அடிதான். ஊட்டி நகரமே 7,300 அடிக்கு மேல் இருக்கிறது. என் பெற்றோர் தொட்டபெட்டாவுக்குப் பலமுறை போய்வந்தவர்கள். அதைவிடத் தாழ்வான மலை ஒன்று குளிரிலும் காற்றிலும் அப்படி என்ன செய்துவிடும் என்று தந்தை கேட்கிறார். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது.

வடகாற்று எழுதியது:

உங்கள் தந்தையின் கேள்வி மிக நல்ல கேள்வி. நம் ஊர் மலைகளைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இது தோன்றும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீலகிரி நிலநடுக்கோட்டிலிருந்து பதினொன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. வைட் மவுண்டன் நாற்பத்து நான்கு பாகைக்கும் மேலே இருக்கிறது. தொட்டபெட்டாவின் 8,650 அடி உயரத்தில்கூட மரங்கள் நிற்கின்றன. வைட் மவுண்டனில் 4,500 அடியைத் தாண்டினாலே மரங்கள் இடுப்பளவு புதராகச் சுருங்கி, பிறகு அவையும் இல்லாமல் போய்விடுகின்றன. ஆர்க்டிக் பகுதியில் காணக்கூடிய செடிவகைகள்தான் அதற்கு மேலே பாறை இடுக்குகளில் வளர்கின்றன. ஆகவே அடிக்கணக்கை மட்டும் ஒப்பிடுவதில் பொருளில்லை. லாஃபயட் உச்சியில் நிற்பவர், காலநிலையைப் பொறுத்தவரை, கனடாவின் வடபகுதிக்கு ஒரு நாள் போய்வருகிறார்.

அடுத்தது காற்று. வட அமெரிக்கக் கண்டத்தின் புயல் தடங்கள் பலவும் இந்த மலைத்தொடரின் மேல் வந்து கூடுகின்றன. தடையில்லாமல் வரும் மேற்குக் காற்று முகட்டின் மீது நெருக்கப்படும்போது அதன் வேகம் இன்னும் கூடுகிறது. மவுண்ட் வாஷிங்டன் உச்சியிலுள்ள வானிலை ஆய்வகத்தில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 231 மைல், அதாவது 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. 1996-இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் ஒரு புயலின்போது தானியங்கிக் கருவி அதைவிடக் கூடுதலான வேகத்தைப் பதிவு செய்யும் வரை உலகச் சாதனை அதுவே. அந்த உச்சியின் உயரம் வெறும் 6,288 அடி.

அக்டோபரில் அப்படிப்பட்ட புயல் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லாஃபயட் பிளேஸ் வாகன நிறுத்தத்திலிருந்து உச்சி ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் மட்டுமே ஆறேழு பாகை செல்சியஸ் குறையும். கீழே பத்துப் பாகை, இதமான வெயில் என்று மேலே சென்றவர்கள் மூன்று நான்கு பாகையில், மணிக்கு நாற்பது மைல் காற்றில், 1.7 மைல் தூரம் ஒதுங்க மரமோ சுவரோ இல்லாத முகட்டில் நடக்க வேண்டியிருக்கும். அதோடு மழையும் சேர்ந்தால் உடல் வெப்பம் இறங்கி உயிருக்கு ஆபத்தாகும் நிலைக்கு உறைபனி தேவையில்லை. பருத்திச் சட்டை, ஜீன்ஸ், பெரியவர்கள் விரும்பி அணியும் பருத்திப் புடவை ஆகிய எதுவும் நனைந்தபின் சூட்டைக் காக்காது. கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத சட்டையும் கால்சட்டையும், தொப்பி, கையுறை என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வேண்டும். பிள்ளைகளுக்குக் கையுறை இரண்டு இணை.

வானிலையைக் கைப்பேசிச் செயலியில் லிங்கன் ஊரின் பெயரை இட்டுப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அது பள்ளத்தாக்கின் வானிலை. மவுண்ட் வாஷிங்டன் ஆய்வகம் உயர் சிகரங்களுக்கென்றே தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. முந்திய நாள் மாலையும் அன்று காலையும் அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அருவிக்கரை எழுதியது:

தம்பி, நான் இதே பகுதிக்கு மாமியாரையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் செல்பவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் திட்டம் முகட்டிலிருந்து தொடங்கியிருக்கிறது. பெற்றோரும் ஐந்து வயதுப் பிள்ளையும் பிறகு அதில் பொருத்தப்பட்டிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தொடங்கிப் பாருங்கள். மூன்று நாளும் வேறு விதமாக அமையும்.

லிங்கன் ஊரிலிருந்து கேங்கமாகஸ் சாலையில் சில மைல் சென்றதும் லிங்கன் வுட்ஸ் என்ற இடம் வரும். அங்கே தொங்குபாலத்தைக் கடந்ததும் தொடங்கும் பாதை, ஒரு காலத்தில் மரம் ஏற்றிச் சென்ற ரயிலின் தடம். ஜே. இ. ஹென்றி என்ற மரவணிகர் அமைத்த அந்த ரயில்பாதை 1948 வரை ஓடியது. ரயில் ஏறக்கூடிய சரிவு என்றால் முழங்காலுக்கும் அது இதமான சரிவுதானே. சில இடங்களில் பழைய குறுக்குக் கட்டைகள் இன்னும் தட்டுப்படும். பிள்ளைகள் அவற்றை எண்ணிக்கொண்டே நடப்பார்கள். ஆற்றின் ஓரமாக மூன்று மைலுக்குச் சற்றுக் கூடுதலாக நடந்தால் ஃபிரான்கோனியா அருவி. முழுவதும் போக முடியாதவர்கள் ஒரு மைலில் திரும்பினாலும் குறையொன்றும் இல்லை, ஏனென்றால் ஆறு தொடக்கத்திலிருந்தே உடன் வருகிறது. உங்கள் தந்தையால் எவ்வளவு முடியும் என்பதை அவரே அங்கே முடிவு செய்துகொள்ளலாம்.

அதே சாலையில் கிழக்கே சென்றால் சாபடே அருவி. கால் மணி நேர நடை, படிகளும் கைப்பிடியும் உண்டு, குளிக்க மட்டும் அனுமதி இல்லை. லோயர் ஃபால்ஸ் கோடையில் நீராடும் இடம். அக்டோபரில் பாறையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட ஏற்றது. அதற்கு அருகே 1858-இல் கட்டப்பட்ட கூரைவேய்ந்த மரப்பாலம் ஒன்றும் இருக்கிறது.

சாப்பாடு என்றதும் நினைவு வருகிறது. இங்கே கருங்கரடிகள் உண்டு. அவை மனிதரைத் தேடி வருவதில்லை, மணத்தைத் தேடி வருகின்றன. நம் சமையலின் மணம் எவ்வளவு தூரம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சமைத்த பாத்திரம், ஊறுகாய்ப் புட்டி, பற்பசை, குழந்தையின் பிஸ்கட் பொட்டலம் எல்லாம் இரவில் பூட்டிய காருக்குள் போய்விட வேண்டும், கூடாரத்துக்குள் ஒன்றும் இருக்கக் கூடாது. பாத்திரம் கழுவிய நீரை ஆற்றில் ஊற்றாதீர்கள். மிஞ்சிய சோற்றைப் பறவைகளுக்கு என்று பாறையில் வைக்கும் வழக்கத்தையும் அங்கே விட்டுவிட வேண்டும். பழத்தோல்கூட நம்மோடு திரும்பி வர வேண்டும்.

கூடாரப்பிரியன் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. தேசியக் காட்டில் எங்கு வேண்டுமானாலும் இலவசமாகக் கூடாரம் அடிக்கலாம் என்றுதானே பலரும் சொல்கிறார்கள்? ஆற்றங்கரையில் தங்குவதில் என்ன தடை?

பாதைத்தொண்டன் எழுதியது:

பாதைகளைப் பராமரிக்கும் தன்னார்வப் பணியில் ஈடுபட்டிருப்பவன் என்பதால் இந்தக் கேள்விக்கு நானே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. தேசியக் காட்டின் உட்பகுதியில் அனுமதிச் சீட்டு இல்லாமலே கூடாரம் அடிக்கலாம். ஆனால் பாதைகளிலிருந்தும் நீர்நிலைகளிலிருந்தும் குறைந்தது 200 அடி தள்ளியிருக்க வேண்டும். எட்டு அடிக்கும் குறைவான மரங்கள் வளரும் உயரப் பகுதியில் அடிக்கவே கூடாது. குளிர்காலத்தில் இரண்டு அடிப் பனி தரையை மூடியிருந்தால் மட்டுமே அதற்கு விலக்கு. குடில்கள், முகாம்கள், சில சாலைகள், சில ஏரிகள் ஆகியவற்றைச் சுற்றிக் கால் மைல் வரை பாதுகாப்புப் பகுதிகள் வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றின் பட்டியலை ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதே முறை. சாலையிலிருந்து இறங்கி ஆற்றங்கரையில் கூடாரம் என்ற உங்கள் எண்ணம் ஆகவே நடக்காது.

குடும்பத்தோடு வருபவர்கள் சாலையோர முகாம்களில் தங்குவதுதான் சரி. கேங்கமாகஸ் சாலையில் மட்டும் ஹான்காக், பிக் ராக், பசகானவே, ஜிகர் ஜான்சன், பிளாக்பெர்ரி கிராசிங், கவர்டு பிரிட்ஜ் என ஆறு முகாம்கள் இருக்கின்றன. சிலவற்றில் அரசின் ரிக்ரியேஷன் இணையதளத்தின் வழியே முன்பதிவு செய்யலாம், சிலவற்றில் முதலில் வருபவருக்கே இடம். ஓர் இடத்தில் இத்தனை பேர், இத்தனை வண்டி என்ற வரம்பு உண்டு. பதினான்கு பேருக்கு ஓர் இடம் போதாது. இந்த விடுமுறையில் முன்பதிவில்லாத முகாமை நம்பி வெள்ளிக்கிழமை இரவு வருவது வீண் அலைச்சல்.

விறகைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸிலிருந்து விறகை ஏற்றிவராதீர்கள். மரங்களை அழிக்கும் பூச்சிகள் விறகுக்குள் பயணம் செய்வதால், வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டதாகச் சான்று பெறாத வெளிமாநில விறகை நியூ ஹாம்ப்ஷயர் தடை செய்திருக்கிறது. அங்கேயே வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள்.

குழுவின் அளவும் கவனிக்கத்தக்கது. இந்தக் காட்டுக்குள் பெமிஜிவாசெட், கிரேட் கல்ஃப் உட்பட ஆறு பகுதிகள் வனாந்தரமாகச் சட்டப்படி ஒதுக்கப்பட்டவை. அவற்றுக்குள் ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் செல்லக் கூடாது. அருவிக்கரை அம்மா சொன்ன லிங்கன் வுட்ஸ் பாதையில், அருவிக்குக் கிளை பிரியும் இடத்தை அடுத்துள்ள பாலத்தைக் கடந்தால் பெமிஜிவாசெட் வனாந்தரம் தொடங்கிவிடும். பாலத்துக்கு இப்பாலேயே நின்றுகொள்ளுங்கள்.

யாருடைய நிலம் எது என்பதும் இங்கே பலரைக் குழப்புகிறது. லாஃபயட் பிளேஸ் வாகன நிறுத்தம் இருக்கும் ஃபிரான்கோனியா நாட்ச் ஒரு மாநிலப் பூங்கா. மவுண்ட் வாஷிங்டன் உச்சி இன்னொரு மாநிலப் பூங்கா. அதன்மேல் ஏறும் 7.6 மைல் கார்ச்சாலை தனியாருடையது, அதற்குத் தனிக்கட்டணம். உச்சியில் பனியோ பெருங்காற்றோ இருந்தால் முழு உயரமும் திறந்திருக்காது. இவற்றுக்கு இடையே பரந்திருப்பது ஏறத்தாழ எட்டு லட்சம் ஏக்கர் தேசியக் காடு. அதன் வாகன நிறுத்தங்கள் பலவற்றில் ஒரு நாளுக்கு வண்டி ஒன்றுக்கு 5 டாலர் கட்டணம். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அட்டை வைத்திருந்தால் அதுவே செல்லும். அந்த அட்டை தனியார் சாலையில் செல்லாது.

தன்வழியான் எழுதியது:

எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறீர்கள். ஆயினும் இந்த இழையைப் படிக்கும் எவரும் வீட்டை விட்டே கிளம்ப மாட்டார்கள் என்று தோன்றுகிறது. எட்டு வயதுப் பிள்ளைகள் லாஃபயட் உச்சியில் நிற்பதை எந்த வார இறுதியிலும் பார்க்கலாம். தேசியக் காட்டின் சிறப்பே வாயிற்கதவும் மூடும் நேரமும் மேலிருந்து கண்காணிப்பவரும் இல்லாததுதான். நம்மவர்கள் ஏற்கெனவே காரிலிருந்து இறங்கிப் படம் எடுத்துவிட்டு ஏறிக்கொள்பவர்கள் என்று பெயர் வாங்கியிருக்கிறார்கள்; அதை இன்னும் உறுதிப்படுத்த வேண்டுமா? நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மீட்புச் செலவை மாட்டிக்கொண்டவரிடமே வசூலிக்கிறது என்று அடுத்து யாராவது எழுதுவீர்கள். அந்தச் சட்டமே தவறு என்பது என் கருத்து. பணத்துக்கு அஞ்சி உதவி கேட்பதைத் தள்ளிப்போடுகிறவர் இன்னும் பெரிய ஆபத்தில் சிக்குவார்.

முகடேறி எழுதியது:

தன்வழியான் அவர்களே, உங்கள் இரண்டாவது கருத்தோடு எனக்குப் பெரிதும் உடன்பாடே. மீட்புத் தொண்டர் அமைப்புகள் பலவும் அதே காரணத்தைச் சொல்லிக் கட்டண வசூலை எதிர்க்கின்றன. ஆனால் அந்த மாநிலத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே தேடுதலையும் மீட்பையும் நடத்துவது மீன், வனவிலங்குத் துறை. அதற்கான நிதி முன்பு பெரும்பாலும் படகு, பனிவண்டி, வேட்டை உரிமம் ஆகியவற்றுக்குக் கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வந்தது. மலையேறுபவர்கள் அதில் எதுவும் செலுத்தவில்லை. அதனால்தான் 2015 முதல் ஹைக் சேஃப் அட்டை வந்தது. தனிநபருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர். அட்டை வைத்திருப்பவர் கவனக்குறைவால் சிக்கினால் செலவைக் கேட்க மாட்டார்கள். தெரிந்தே செய்த துணிச்சலுக்கு அட்டையும் உதவாது. நான்கு குடும்பங்களும் ஆளுக்கொன்று வாங்கிவிடலாம். அந்தப் பணம் மீட்புப் பணிக்குத்தான் போகிறது.

முதல் கருத்தில்தான் வேறுபடுகிறேன். எட்டு வயதுப் பிள்ளை உச்சியில் நிற்பது உண்மை. அந்தப் பிள்ளையோடு இரண்டு பெரியவர்கள் இருந்திருப்பார்கள், அவர்கள் இருட்டிலேயே கிளம்பியிருப்பார்கள், பிள்ளை சிணுங்கினால் மூவரும் சேர்ந்து திரும்பிவிடுவார்கள். பதினான்கு பேர் கொண்ட குழுவால் அப்படித் திரும்ப முடியாது. முன்னே சென்றவர் முகட்டில் இருப்பார், பின்னே வருபவர் அருவியில் இருப்பார், கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது, யார் திரும்பினார் என்பதே மற்றவருக்குத் தெரியாது. மலையில் ஆபத்தாவது பெரும்பாலும் குழு பிரியும் அந்த நேரம்தான். வாயிற்காவலர் இல்லாத இடம் என்கிறீர்கள். இங்கே போகாதே என்று சொல்ல ஆள் இல்லை என்றால் அந்த முடிவைத் தந்தைக்காகவும் பிள்ளைக்காகவும் யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டும், அது பாஸ்டன்வாசிதான்.

தன்வழியான் எழுதியது:

குழுவைப் பற்றிச் சொன்னது ஏற்கத்தக்கதே. ஆறு பேராகப் பிரிந்து ஏறுங்கள் என்றால் எனக்கு மறுப்பில்லை. முகட்டைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கூடாரப்பிரியன் எழுதியது:

சென்ற ஆண்டு அந்தப் பக்கம் போனபோது மரம் வெட்டி ஏற்றிச் செல்லும் லாரிகளைக் கண்டேன். பாதுகாக்கப்பட்ட காட்டில் இது எப்படி நடக்கிறது?

பாதைத்தொண்டன் எழுதியது:

தேசியப் பூங்காக்கள் உள்துறையின் கீழும் தேசியக் காடுகள் வேளாண் துறையின் கீழும் வருகின்றன. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர்ப்பிடிப்பு, வனவிலங்கும் மீனும் ஆகிய ஐந்துக்காகவும் தேசியக் காட்டை நிர்வகிக்க வேண்டும் என்கிறது. ஆகவே வனாந்தரப் பகுதிகளுக்கு வெளியே அளவோடு மரம் வெட்டுவது சட்டப்படி நடப்பதே.

வரலாறும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மலைகள் மரவணிகர்களின் கையில் இருந்தன. ரயில் போட்டு மொட்டையடித்தார்கள். வெட்டிப்போட்ட கிளைகள் காய்ந்து தீப்பிடித்து ஜீலண்ட் பள்ளத்தாக்கு 1886-இல் எரிந்தது. 1903-இல் மறுபடியும் பெருந்தீ. கீழே ஆறுகளில் வெள்ளமும் மண்ணும் வந்து ஆலைகள் பாதிக்கப்பட்டபோதுதான் கிழக்கு மாநிலங்களில் தனியார் காட்டை மைய அரசு விலைகொடுத்து வாங்கலாம் என்ற வீக்ஸ் சட்டம் 1911-இல் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த ஜான் வீக்ஸ் இதே மலைகளுக்கு வடக்கேயுள்ள லங்காஸ்டரில் பிறந்தவர். வாங்கிச் சேர்த்த நிலம் 1918-இல் தேசியக் காடாக அறிவிக்கப்பட்டது. நீங்கள் பார்க்கப்போகும் சிவப்பும் மஞ்சளும் அந்தத் தீக்கும் கோடரிக்கும் பிறகு முளைத்த மரங்கள்.

பல பயன்களுக்கான காடு என்பதால் வேட்டையும் இங்கே உண்டு. இலையுதிர்காலம் அதன் பருவம். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பளிச்சிடும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தொப்பியோ மேலங்கியோ அணிவித்துவிடுங்கள். பழுப்பு, வெள்ளை நிற உடைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

பாஸ்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குடும்பங்களோடு கலந்து பேசித் திட்டத்தை மாற்றியமைத்திருக்கிறோம். வெள்ளி இரவே லிங்கனில் அறையெடுத்துத் தங்குகிறோம். முகாம்களில் முன்பதிவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை எல்லோரும் லிங்கன் வுட்ஸ். ஞாயிறன்று பெரியவர்கள் ஆறு பேர் மட்டும் விடியும் முன் கிளம்பி முகட்டுக்கு. மீதி எட்டுப் பேர் ஷட்டிலில் அதே இடத்துக்கு வந்து சாலையின் மறுபக்கத்திலிருந்து லோன்சம் ஏரிக்கு ஏறுகிறார்கள். திங்களன்று கேங்கமாகஸ் வழியாகக் கிழக்கே சென்று, சாபடே அருவியைப் பார்த்துவிட்டு கான்வே வழியாகத் திரும்புகிறோம். மவுண்ட் வாஷிங்டனை இம்முறை விட்டுவிட்டோம். தந்தைக்குச் சற்று வருத்தம்தான். இதில் இன்னும் கவனிக்க வேண்டியது உண்டா?

வடகாற்று எழுதியது:

இப்போது இது நல்ல திட்டம். லோன்சம் ஏரி உங்கள் தந்தைக்கு ஏமாற்றம் தராது. ஏரிக்கரையில் நின்றால் நேரெதிரே ஃபிரான்கோனியா முகடு முழுவதும் தெரியும். நீங்கள் நடந்துகொண்டிருக்கும் இடத்தை அவர் ஏரியின் இக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். பாதை 1.6 மைல்தான், ஆனால் ஆயிரம் அடி ஏற்றம் இருப்பதால் முழங்காலுக்கு ஊன்றுகோல் இரண்டு கொடுத்தனுப்புங்கள். இறங்கும்போதுதான் அது கூடுதலாக உதவும்.

முகட்டை ஞாயிறு என்று இறுதி செய்யாதீர்கள். சனி, ஞாயிறு இரண்டில் உயர் சிகர முன்னறிவிப்பு எந்த நாளுக்கு நன்றாக இருக்கிறதோ அந்த நாள் முகடு, மற்ற நாள் லிங்கன் வுட்ஸ். இரண்டு நாளும் மோசமென்றால் எல்லோரும் லோன்சம் ஏரி.

முகடேறி எழுதியது:

வடகாற்று சொன்னதோடு பாதையின் திசையைப் பற்றியும் சேர்த்துக்கொள்கிறேன். சுற்றுப்பாதை முழுவதையும் நடப்பதென்றால் ஃபாலிங் வாட்டர்ஸ் வழியாக ஏறி பிரைடில் வழியாக இறங்குங்கள். அருவியோரப் பாறைகள் செங்குத்தானவை, எப்போதும் ஈரமானவை, இறங்குவதற்கு ஏற்றவை அல்ல. வானிலை ஐயத்துக்குரியதாக இருந்தால் சுற்றையே விட்டுவிட்டு பிரைடில் வழியாக ஏறி கிரீன்லீஃப் குடில் வரை சென்று அதே வழியில் திரும்புங்கள். அது இன்னும் மரங்களின் காப்பில் உள்ள இடம். உச்சி மேகத்துக்குள் இருக்கிறதா என்பதை அங்கிருந்தே பார்த்துவிடலாம். குடில் அக்டோபர் நடுப்பகுதியில் பருவத்துக்கு மூடப்படுவது வழக்கம் என்பதால் அங்கே சூடாக ஏதாவது கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துச் செல்லுங்கள்.

ஆறு பேரும் புறப்படும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் நண்பகலுக்குள் லிட்டில் ஹேஸ்டாக்கைத் தொடவில்லை என்றால், உச்சி எவ்வளவு அருகில் இருந்தாலும், வந்த வழியே இறங்கிவிட வேண்டும். தலைவிளக்கு ஆளுக்கொன்று வேண்டும், கைப்பேசி விளக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காகித வரைபடம் ஒன்றும் இருக்கட்டும். முகட்டில் பாதையின் இருபுறமும் தாழ்வான கற்சுவர் போல அடுக்கியிருப்பார்கள். காற்றுக்கு ஒதுங்க அதைத் தாண்டிச் செடிகளின் மேல் உட்காராதீர்கள், அவை ஒரு விரலளவு வளரவே பல ஆண்டுகள் ஆகும்.

ஏரிக்குச் செல்லும் குழுவில் ஒருவரிடம் உங்கள் பாதை, திரும்பும் நேரம், எத்தனை மணிக்கு மேல் உதவிக்கு அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு வண்டிகளின் சாவிகளும் ஒரே பையில் மலையேறிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரியிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளும் பெற்றோரும் குளிரில் வெளியே நின்று உங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது.